அடுப்பு ஒரு வீட்டில், புகை நாலு வீட்டில்

கல்முனையில் யாரும் குளிர்காய அடுப்பு மூட்டுவதில்லை. மார்கழி வாடையிலும் ஒரு போர்வையோடு இரவு கழிந்துவிடும். குளிர்நாட்டு வீடுகளின் விறகுக் கணப்பு பற்றியும், அதன் பக்கத்தில் வளரும் பிள்ளைகளின் நெஞ்சு பற்றியும் அங்கே நடக்கும் வாதங்கள் அதனால் நமக்குச் சம்பந்தமில்லாத ஊர்க்கதையாகத் தோன்றும். ஆனால் சூடேற்ற எரித்தாலும் சோறாக்க எரித்தாலும் மரப்புகை மரப்புகைதான். அங்கே பனிக்காலத்துச் சில மாதங்கள். இங்கே வருடம் முழுவதும், நாளுக்கு இரண்டு மூன்று தடவை. நோன்பு மாதத்தில் சஹருக்காகப் பின்னிரவிலும் அடுப்பு எரியும். பிள்ளைகள் அடுத்த அறையில் நித்திரையாக இருக்கும் நேரம் அது.

இலங்கைக்குள்ளேயே அடுப்பு குளிருக்கும் உதவுகிற இடம் உண்டு. மலையகத்துத் தோட்ட லயங்களில், காற்றுப் போக்கில்லாத சிறு குசினியில், மழைநாள் முழுக்க அடுப்பைச் சுற்றித்தான் குடும்பம் உட்காரும். அது தனியாக எழுத வேண்டிய விடயம். இங்கே நான் பார்க்க நினைப்பது மருதமுனையிலிருந்து சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று நீளும் கரையோர முஸ்லிம் ஊர்களை. இடையில் பாண்டிருப்பு, காரைதீவு போன்ற தமிழ் ஊர்களும் இருக்கின்றன. புகை விடயத்தில் வித்தியாசம் எதுவும் இல்லை.

விறகு அடுப்பு ஒழிந்துபோன பழங்காலச் சாமான் என்று நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு: 2012 குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையின் வீடுகளில் நான்கில் மூன்று பங்குக்கும் மேல் விறகில்தான் சமைத்தன. அதற்குப் பின் வந்த ஆண்டுகளில் கேஸ் வேகமாகப் பரவியது உண்மை. சவூதியிலும் கட்டாரிலும் உழைத்த காசு வந்த வீடுகளில் முதலில் வந்த சாமான்களில் கேஸ் அடுப்பும் ஒன்று. பிறகு 2021 வந்தது. அந்த வருடம் ஒக்டோபர் வரை 12.5 கிலோ லிட்ரோ சிலிண்டரின் கொழும்பு விலை 1,493 ரூபா. அதே மாதத்தில் 2,675 ஆனது. வருடக் கடைசியில் கேஸ் அடுப்புகள் வெடித்த செய்திகள் நாடு முழுக்க வந்தன. புரொப்பேன், பியூட்டேன் கலவை மாறியது பற்றி விசாரணைக் குழு அமைக்கும் அளவுக்குப் போனது. 2022 ஏப்ரலில் விலை 4,860. விலையாவது போகட்டும், காசு வைத்திருந்தவருக்கும் சிலிண்டர் கிடைக்கவில்லை. மின் அடுப்புக்கு மாறலாமென்றால் மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேர மின்வெட்டு. மண்ணெண்ணெய் ஓகஸ்டில் 87 ரூபாவிலிருந்து ஒரே இரவில் 340க்குப் பாய்ந்தது. எல்லாக் கதவும் அடைபட்ட பிறகு மிஞ்சியது மூன்று கல்லும் தென்னம் மட்டையும்தான்.

அந்த நாட்களில் விறகுக்குத் திரும்பிய வீடுகளில் பல, விறகுக்காகக் கட்டப்பட்டவை அல்ல. பழைய வீடுகளில் குசினி தனியாகப் பின்னால் நிற்கும், கூரை ஓலையாகவோ இடைவெளி விட்ட ஓடாகவோ இருக்கும், புகை தன் வழியைப் பார்த்துக்கொள்ளும். 2004 டிசம்பர் 26இல் கடல் இந்தக் கரையைத் தின்றுவிட்டுப் போனபோது, நாட்டிலேயே மிக அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். அதன் பிறகு கிறீன் ஃபீல்ட், பொலிவேரியன் கிராமம் என்று எழுந்த வீட்டுத் திட்டங்களிலும், கடனை வாங்கித் தாமே கட்டிக்கொண்ட கல்வீடுகளிலும் குசினி வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. சிறிய அறை, ஒரு ஜன்னல், கொங்கிரீட் தட்டு. கேஸுக்கு அது போதும். அந்த அறையில் பொச்சு மட்டையைக் கொளுத்தினால் புகை சாப்பாட்டு மேசையைத் தாண்டித்தான் வெளியே போக வேண்டும்.

எதை எரிக்கிறோம் என்பதும் முக்கியம். சிரட்டை உறைத்து எரியும், புகை குறைவு. பொச்சு மட்டை கனன்று கனன்று கிடக்கும், தீயைவிடப் புகைதான் அதிகம். மரக்காலையில் வாங்கும் துண்டுச் சிராய் காய்ந்திருந்தால் நல்லது. வர்ணம் பூசிய பலகையோ மருந்தடித்த மரமோ கலந்திருந்தால் ஆபத்து. பச்சை விறகின் எடையில் கிட்டத்தட்டப் பாதி தண்ணீர். அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே தீயின் சூடு செலவாகிவிடுவதால் மரம் முழுமையாக எரியாமல் பாதியில் புகையாகக் கிளம்புகிறது. இங்கே மாரிமழை கொட்டுவது பெரும்பாலும் நவம்பர் முதல் ஜனவரி வரை. விறகு நனைந்து கிடக்கும், ஜன்னல் சாத்தியிருக்கும், பிள்ளைகள் வெளியே போக மாட்டார்கள், தடிமனும் காய்ச்சலும் ஊரில் சுற்றும். நான்கும் ஒரே நேரத்தில் வருவதால், முட்டு எடுக்கிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மாரியில் ஆஸ்பத்திரிக்கு ஓடும் உம்மா, தடிமனைத்தான் குற்றம் சொல்வார். அடுப்பை யாரும் நினைப்பதில்லை.

புகையில் கண்ணை எரிக்கிற பகுதியும் தீங்குதான், ஆனால் அது தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். பெரிய ஆபத்து, 2.5 மைக்ரோனுக்கும் குறைந்த நுண்துகள்களில் இருக்கிறது. மயிரின் தடிப்பில் முப்பதில் ஒரு பங்கு. மூக்கும் தொண்டையும் வடிகட்ட முடியாமல் அவை நுரையீரலின் கடைசிச் சிற்றறை வரை போகின்றன. உலக சுகாதார நிறுவனம் 2021இல் திருத்திய வழிகாட்டலில் வருடச் சராசரி ஒரு கன மீற்றருக்கு 5 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது, நாள் சராசரி 15ஐத் தாண்டக்கூடாது என்றது. புகைபோக்கி இல்லாத விறகுக் குசினியில் சமையல் நேரத்தில் இது பல நூறைத் தொடுவது சாதாரணம். கூடவே காபன் மொனொக்சைட்டு, குருதி ஒட்சிசனைச் சுமக்கும் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். பிள்ளைகளுக்கு இதன் பாதிப்பு அதிகமாவதற்கு நேரான காரணம் உண்டு. கைக்குழந்தை நிமிடத்துக்கு நாற்பது தடவை மூச்செடுக்கும். பெரியவருக்குப் பதினைந்து தடவை போதும். நுரையீரலின் சிற்றறைகள் பிறந்த பிறகும் முதல் இரண்டு மூன்று வருடங்களில் பெருகிக்கொண்டே இருக்கின்றன. பால்குடிப் பிள்ளை இருப்பது எங்கே? உம்மாவின் இடுப்பில், அடுப்புக்கு ஒரு கை தூரத்தில்.

வீட்டுப் புகையால் 2020இல் உலகில் 32 இலட்சம் பேர் இறந்தார்கள், அவர்களில் 5 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் 2,37,000 பேருக்கு மேல் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. ஆனால் இந்த எண்ணை அப்படியே நம் ஊருக்குக் கொண்டுவந்து பயமுறுத்துவது சரியல்ல என்பது என் எண்ணம். இலங்கையில் சிசு மரண வீதம் ஆயிரத்துக்குப் பத்துக்கும் கீழே. தடுப்பூசியும் குடும்பநல உத்தியோகத்தரும் கிராமம் வரை எட்டியிருக்கிற நாடு இது. நியூமோனியாவில் பிள்ளை சாவது இங்கே அரிது. இங்கே உள்ள கேள்வி மரணத்தைவிடச் சிறியது, ஆனால் அன்றாடம் வருவது: அடிக்கடி முட்டு, விட்டுவிட்டு இருமல், பள்ளிக்கூடம் போகாத நாட்கள், குறைந்த எடையோடு பிறக்கும் பிள்ளை. ராகமையில் 5 வயதுக்குட்பட்ட பிள்ளைகளை 12 மாதம் பின்தொடர்ந்து 2019இல் வெளியான ஆய்வு இதற்குப் பொருத்தமானது. விறகிலும் மண்ணெண்ணெயிலும் சமைக்கிற வீட்டுப் பிள்ளைகளுக்குத் தொற்றோடு சேர்ந்து வரும் ஆஸ்துமா, கேஸ் அல்லது மின்சார வீட்டுப் பிள்ளைகளைவிட 1.77 மடங்கு அதிகம் என்று அது கண்டது. ராகமை கல்முனை அல்ல. அங்கே தொழிற்சாலைகள் உண்டு, கொழும்பு நெடுஞ்சாலையின் அண்மை உண்டு. ஆனாலும் தடிமன் வந்தால் முட்டும் கூடவே வருகிறது என்று நம் தாய்மார் சொல்வதற்கு மிக அருகில் நிற்கிறது அந்தக் கண்டுபிடிப்பு.

இவ்வளவும் தெரிந்த பிறகு விடை இலகுவாகத்தானே இருக்க வேண்டும்? நல்ல அடுப்பைக் கொடு, பிள்ளை சுகமாகும். உலகம் இதைக் கடந்த இருபது வருடமாகப் பெருஞ்செலவில் சோதித்துப் பார்த்தது. வந்த விடைகள் சங்கடமானவை.

முதற் பெரிய சோதனை குவாத்தமாலாவின் மலைநாட்டில். கேர்க் ஸ்மித் என்ற ஆய்வாளரின் குழு, 534 வீடுகளைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்து ஒரு பகுதிக்குப் புகைபோக்கி வைத்த அடுப்பைக் கொடுத்தது. 2011இல் வெளியான முடிவின்படி பிள்ளைகள் சுவாசித்த காபன் மொனொக்சைட்டு பாதியாகக் குறைந்தது. மருத்துவர் உறுதிசெய்த நியூமோனியாவில் நிச்சயமாகச் சொல்லக்கூடிய குறைவு இல்லை. கடும் நியூமோனியா மட்டும் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. நம்பிக்கை தரும் ஆரம்பம். அடுத்து மலாவி. 150 கிராமங்கள், பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள், விசிறி பொருத்திய நவீன விறகு அடுப்பு. 2017இல் வந்த விடை: நியூமோனியாவில் எந்த வித்தியாசமும் இல்லை.

அடுப்பை மாற்றினால் போதாது, எரிபொருளையே மாற்ற வேண்டும் என்று அடுத்த சோதனை தொடங்கியது. ஹாப்பின் என்ற அந்த ஆய்வு குவாத்தமாலா, பெரு, ருவாண்டா, இந்தியா ஆகிய நான்கு நாடுகளில் 3,200 கர்ப்பிணிகளை எடுத்தது. இந்தியாவில் அது நடந்த இடம் தமிழ்நாட்டின் விழுப்புரமும் நாகப்பட்டினமும். நடத்தியது சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தில் கல்பனா பாலகிருஷ்ணனின் குழு. நமக்குக் கடலுக்கு அந்தப் பக்கம், அதே சுனாமி புகுந்த இன்னொரு கரை, ஏறக்குறைய அதே சோறு கறி. பாதிப் பேருக்குக் கேஸ் அடுப்பும் 18 மாதத்துக்கு இலவசக் கேஸும் கொடுத்தார்கள். தாய்மார் சுவாசித்த நுண்துகள் அளவு, விறகு வீடுகளில் ஏறக்குறைய 70 ஆக இருக்க, கேஸ் வீடுகளில் 24ஆக இறங்கியது. இவ்வளவு சுத்தமாக ஒரு மாற்றத்தைச் செய்துகாட்டியவர்கள் குறைவு. ஆனால் பிறப்பு எடையில் 2022இலும், கடும் நியூமோனியாவிலும் பிள்ளை வளர்ச்சியிலும் 2024இலும் வந்த முடிவுகள் மூன்றும் ஒன்றையே சொல்லின: இரு பக்கத்துக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை.

இதை வைத்துக்கொண்டு 'பார்த்தீர்களா, விறகுப் புகையால் ஒன்றும் ஆவதில்லை, நம் மூத்தம்மாமார் தொண்ணூறு வயது வரை இருக்கவில்லையா' என்று சொல்பவர்கள் வருவார்கள். விறகில் ஆக்கிய கறியின் ருசியைப் பற்றிப் பேசுபவர்களும் பெரும்பாலும் அவர்கள்தான். ஊதுகுழல் அவர்கள் கையில் இருந்ததில்லை. அப்படி முடிவெடுப்பதற்கு முன் வேறொரு வகை ஆய்வைப் பார்க்க வேண்டும். இங்கேதான் குளிர்நாட்டுக் கணப்பு நமக்குப் பயன்படுகிறது.

அமெரிக்காவின் மொன்டானாவில் லிபி என்றொரு சிறு பள்ளத்தாக்கு ஊர். பனிக்காலத்தில் விறகுக் கணப்புப் புகை ஊரையே மூடிக்கொள்ளும். 2005இலிருந்து சில வருடங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பழைய கணப்புகளை எடுத்துவிட்டுப் புகை குறைந்தவற்றை ஊர் முழுக்க வைத்தார்கள். பனிக்கால நுண்துகள் அளவு நான்கில் ஒரு பங்குக்கு மேல் இறங்கியது. அதில் ஒவ்வொரு 5 மைக்ரோகிராம் குறைவுக்கும், பிள்ளைக்கு முட்டு இருப்பதாகப் பெற்றோர் சொல்லும் வாய்ப்பு 26.7 சதவீதம் குறைந்தது என்று 2012இல் எழுதினார்கள். அவுஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் லோன்செஸ்டன் நகரில் 2001 முதல் விறகுக் கணப்பு வைத்திருந்த வீடுகள் 66 சதவீதத்திலிருந்து 30க்கு இறங்கின. பனிக்காலத் துகள் அளவு 44இலிருந்து 27 ஆனது. அங்கே சுவாச மரணங்கள் குறைந்தன, ஆண்களில் தெளிவாக.

வீடு வீடாக மாற்றிய சோதனைகள் பெரும்பாலும் தோற்றன. ஊரை மாற்றிய முயற்சிகளில் பலன் தெரிந்தது. இந்த ஒப்பீட்டில் ஓட்டைகள் இருக்கின்றன. லிபியிலும் லோன்செஸ்டனிலும் சீட்டுக் குலுக்கிப் பிரிக்கவில்லை, முன்பும் பின்பும்தான் ஒப்பிட்டார்கள். கேட்ட கேள்வியும் வேறு: லிபியில் முட்டு, லோன்செஸ்டனில் மரணம், அடுப்புச் சோதனைகளில் பெரும்பாலும் நியூமோனியா. ஹாப்பின் தேர்ந்தெடுத்த கிராமங்கள் வெளிக்காற்று ஓரளவு சுத்தமானவை, ஆகவே அதன் தோல்விக்குப் பக்கத்து வீட்டுப் புகையை மட்டும் காரணம் சொல்ல முடியாது. கருத்தரித்துச் சில மாதம் போன பிறகே கேஸ் வந்தது என்பதையும், 24 என்பது வருட வழிகாட்டல் அளவின் ஏறக்குறைய ஐந்து மடங்கு என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இவ்வளவு தள்ளிவிட்டுப் பார்த்தாலும் எனக்கு ஒன்று தெளிவாகத் தெரிகிறது. இந்தக் கரையில் கேட்க வேண்டிய கேள்வி எந்த அடுப்பு என்பதல்ல. எத்தனை வீடு ஒன்றாக மாறும் என்பதுதான்.

ஏனென்றால் நம் ஊர்கள் கட்டப்பட்ட விதம் அப்படி. கிழக்குக் கரை முஸ்லிம்களிடம் கலியாணம் முடித்த மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போவார். பெண்ணுக்குச் சீதனமாக வீடு. மூத்தவளுக்கு உம்மா வாப்பா இருந்த வீடு, அடுத்தவளுக்கு அதே வளவின் பின்பக்கம், அதற்கடுத்தவளுக்குப் பக்கத்து மூலை. மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே அக்கரைப்பற்றில் பல வருடம் இருந்து எழுதியவற்றில் இந்த முறை விரிவாக இருக்கிறது. பெண்ணின் பெயரில் காணியும் வீடும் இருப்பது இந்தச் சமூகத்தின் பெரிய பலம், அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் கிழக்கே கடல், மேற்கே வயல், நடுவில் நாட்டிலேயே நெருக்கமான குடியிருப்புகளில் ஒன்று. நாற்பது பேர்ச் வளவு மகளுக்கு இருபது, பேத்திக்குப் பத்து, கொள்ளுப்பேத்திக்கு ஐந்து என்று நறுக்கப்படுகிறது. கடைசியில் தங்கச்சியின் குசினி ஜன்னல் ராத்தாவின் படுக்கையறை ஜன்னலைப் பார்த்து நிற்கும். நடுவில் ஆள் ஒருக்களித்துப் போகும் சந்து.

இந்தச் சந்துக்குள் கடற்காற்று இறங்குவதில்லை. பகலில் கடலிலிருந்து காற்று வரும்போது கூரைக்கு மேலே போகும். கச்சான் காலத்தில் மேற்கிலிருந்து அடிக்கும் காய்ந்த காற்று, வயலில் எரிக்கும் வைக்கோலின் புகையையும் சேர்த்துக் கொண்டுவரும். பொழுது பட்ட பிறகு காற்று அடங்கும். இரவுச் சமையல் அந்த நேரம்தான். ராத்தா கேஸில் சமைத்தாலும், தங்கச்சி மட்டை வைத்து எரித்தால் ராத்தாவின் பிள்ளை அந்தப் புகையைத்தான் குடிக்கும். சொல்லவும் முடியாது; தங்கச்சியிடம் கேஸுக்குக் காசு இல்லை என்பது ராத்தாவுக்குத் தெரியும்.

இலங்கைக்குச் சொந்தமான ஒரு கண்டுபிடிப்பைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். அனகி அடுப்பு, எண்பதுகளில் உருவான இரட்டை வாய்க் களிமண் அடுப்பு. குயவர்கள் சக்கரத்தில் செய்ய முடிவது, மலிவானது, விறகைக் கணிசமாக மிச்சம் பிடிப்பது. இலட்சக்கணக்கில் விற்றது. ஆனால் அது பிறந்தது விறகைச் சேமிக்க, காட்டைக் காக்க. அதற்குப் புகைபோக்கி கிடையாது. எரிவது குறைந்தால் புகையும் ஓரளவு குறையும், அவ்வளவுதான். மூடிய குசினியில் அதை வைத்துவிட்டுப் பிள்ளையின் நெஞ்சு காப்பாற்றப்பட்டதாக நினைத்துவிடக் கூடாது.

அடுப்பைத் தவிர்த்த புகைகளும் உண்டு. டெங்குப் பயத்தில் கட்டிலடியில் வைக்கும் நுளம்புச் சுருள் ஒன்று, 75 முதல் 137 சிகரெட் வரை எரித்தால் வரும் நுண்துகளை வெளிவிடுகிறது என்று 2003இல் வெளியான ஆய்வொன்று அளந்தது. குளிப்பாட்டிய குழந்தைக்குச் சாம்பிராணி காட்டும் வழக்கத்தை மூத்தம்மாவோடு வாதாடி நிறுத்துவது கடினம். தட்டைத் தூரத்தில் வைத்துத் துணிக்கு மட்டும் காட்டச் சொல்லலாம், அதில் யாருக்கும் மனம் நோகாது. அடுப்புப் பற்றவைக்க ஷொப்பிங் பேக்கைக் கொளுத்துவதுதான் உடனே நிறுத்த வேண்டியது. குப்பை வண்டி ஒழுங்காக வராத கிழமைகளில் வளவுக்குள்ளே பிளாஸ்டிக் எரிவதும் அப்படியே. அது விறகுப் புகையைவிட மோசமான நஞ்சு.

செய்யக்கூடியவற்றில் முதலாவது பணம் பற்றியது, அதைச் சுற்றி வளைத்துப் பேசுவதில் அர்த்தமில்லை. தமிழ்நாட்டில் 2006 தேர்தலுக்குப் பின் இலவசக் கேஸ் அடுப்பு வந்தது. இந்தியா முழுக்க 2016 மே முதலாம் திகதி தொடங்கிய உஜ்வலாத் திட்டம் கோடிக்கணக்கான இணைப்புகளைக் கொடுத்தது. இரண்டிலும் அடுப்பு வீட்டுக்குள் வந்தது. முடிந்த சிலிண்டரை மறுபடி நிரப்பும் காசுதான் பல வீடுகளில் வரவில்லை, விறகு பக்கத்திலேயே தொடர்ந்தது. நம்மிடம் அரசின் அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவு 2023இலிருந்து இருக்கிறது. கர்ப்பிணியோ இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளையோ உள்ள வீட்டுக்கு அதனோடு கேஸ் நிரப்பும் காசும் சேர்ந்தால் அது அடுப்புக் கொடுப்பதைவிடப் பிரயோசனம். அந்த இரண்டே முக்கால் வருடம்தான் நுரையீரல் உருவாகும் முக்கியமான காலம்.

இரண்டாவதற்குச் செலவே இல்லை. கல்முனைப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிமனையின் குடும்பநல உத்தியோகத்தர்கள் கர்ப்பிணி வீட்டுக்கும் பிரசவித்த வீட்டுக்கும் நேரில் போகிறார்கள். எடை, தடுப்பூசி, பால் கொடுத்தல் எல்லாம் கேட்கிறார்கள். கூடவே குசினியை எட்டிப் பார்த்து மூன்று விடயம் குறிக்கலாம்: என்ன எரிகிறது, புகை எங்கே போகிறது, அடுத்த வீட்டு அடுப்பு எந்தப் பக்கம். மூன்றாவது கேள்விதான் எந்தப் படிவத்திலும் சுலபத்தில் வராதது, இந்த ஊருக்கு மிக வேண்டியது.

புகைபோக்கி கட்டுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. சுவரில் துளை போட்டு ஒரு முழம் குழாயை நீட்டிவிட்டால் அது புகையைத் தங்கச்சி வீட்டுக்கு அனுப்பும் ஏற்பாடு. குழாய் கூரை முகட்டைத் தாண்டி நிற்க வேண்டும், பக்கத்துக் கூரையையும் தாண்டினால் நல்லது. ஐந்து பேர்ச் காணியில் வீட்டு வரைபடத்துக்கு அனுமதி கொடுக்கும்போது மாநகர சபையும் பிரதேச சபைகளும் கழிவறைக் குழியின் தூரத்தைப் பார்ப்பது போலக் குசினி ஜன்னல் எந்தப் பக்கம் திறக்கிறது என்றும் பார்க்கலாம்.

தெரு ஒன்றாக மாற வேண்டும் என்றால் தெருவைக் கூட்டக்கூடிய இடம் தேவை. அது இந்த ஊர்களில் ஏற்கெனவே இருக்கிறது. நோன்பு மாதத்தில் பள்ளிவாசலில் பெரிய கிடாரத்தில் கஞ்சி காய்ச்சுகிறார்கள், அசருக்குப் பின் மஹல்லாப் பிள்ளைகள் வாளியோடு வரிசையில் நிற்கிறார்கள். அந்த ஒரு நெருப்பால் நூற்றுக்கணக்கான வீடுகளில் அன்றைக்கு ஒரு அடுப்புக் குறைகிறது. ஆனால் பல இடங்களில் பிள்ளைகள் வரிசையாக நிற்பது அந்தக் கிடாரத்தின் புகைக்குள்ளேதான். முதல் உயரமான புகைபோக்கியை நம்பிக்கையாளர் சபை அங்கே கட்டட்டும். கட்டிப் பழகிய மேசன் அதே மஹல்லாக்காரராக இருந்தால், பெருநாள் முடிந்ததும் தங்கச்சி வீட்டுக் குசினிக்கும் அவரையே கூப்பிடலாம்.